வால் இல்லை என்று எழுதிக் கொடு

ஜூன் 6

நாத்தனார் அவர்களுக்கு,

நலம். நலமா என்று கேட்பது முறை, அதனால் கேட்கிறேன்.

இந்தப் பார்சலில் மூன்று பைகள் இருக்கும். ஒன்றில் நீலக் கல், ஒன்றில் மஞ்சள், ஒன்றில் சிவப்பு. மூன்றும் நம் பட்டறையில் சாயம் ஏற்றியவை. போன மாதம் நீங்கள் வந்து, நின்று, பார்த்துவிட்டுப் போன அதே டிரம்மில் உருண்டவை. மீன் தொட்டிக் கடைக்காரர் எல்லாவற்றையும் பார்த்துத் திருப்தியாகி, ஆர்டர் எழுதப் பேனாவைத் திறந்த நேரத்தில் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். "இந்தச் சாயம் தண்ணியில எறங்காதா அண்ணி? யாராவது பாத்திருக்காங்களா?" அவ்வளவுதான், பேனா மூடிக்கொண்டது. அவருக்குக் கடைகள் ஒன்றிரண்டு இல்லை. எல்லாவற்றுக்கும் தொட்டியில் பரப்ப நம் கல்தான் என்று பேசி முடித்திருந்தது. இப்போது சான்று இல்லாமல் ஒரு கல்கூட எடுக்க மாட்டேன் என்கிறார்.

சந்தேகத்தை அவிழ்த்துவிட்டவர் நீங்கள். பிடித்துக் கட்டுவதும் உங்கள் வேலை. உங்கள் ஆய்வுக்கூடம் இந்த மாதிரி சோதனை செய்வதாக அவரே சொன்னார். கட்டணம் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். சொந்தம் என்று சலுகை எதுவும் வேண்டாம்.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. இந்தக் கல்லைப் போட்ட தொட்டியில் இரண்டு மீனை விட்டால் தெரிந்துவிடாதா? செத்தால் கெட்ட கல், நீந்தினால் நல்ல கல். இதற்கு எதற்கு ஆய்வுக்கூடமும் ஆர்ப்பாட்டமும்?

உங்கள் அண்ணன் சௌக்கியம். "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்" என்று சொல்லிக்கொண்டே கல் சலிக்கிறார். போன் செய்ய வேண்டாம். போனில் எனக்கு வாய் நீளும். எழுதினால் கை வலித்து நிறுத்திவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி


ஜூன் 14

அன்புள்ள அண்ணி,

பார்சல் வந்தது. ஒரு கல்லும் சிந்தவில்லை. நீங்கள் போட்ட முடிச்சை அவிழ்க்கத்தான் பெரிய கத்திரிக்கோல் தேட வேண்டியிருந்தது.

கடிதம் முழுக்க 'நீங்கள்', 'உங்கள்'. உங்களுக்குக் கோபம் வந்தால் மரியாதை ஏறும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒருநாள் அண்ணனை 'ஐயா' என்று கூப்பிட்டீர்கள், மனுஷன் அன்றைக்குச் சாப்பிடாமலே படுத்துக்கொண்டார். நான் பள்ளிக்கூடப் பையும் அவிழ்ந்த பின்னலுமாக இருந்தபோது இந்த வீட்டுக்கு வந்தீர்கள். வந்த வாரமே எனக்கு 'வாலு' என்று பேர் வைத்தீர்கள். அந்தக் கையால் 'நாத்தனார் அவர்களுக்கு' என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மீனை விட்டுப் பார்த்தால் போதாது. மீன் நன்றாக நீந்தும், போட்டதைத் தின்னும், உள்ளே நடப்பதை முகத்தில் காட்டாது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்று ஒரு இழை இருக்கிறது இல்லையா, சில ரசாயனங்கள் மீனைக் கொல்லாமல் அந்த இழையை மட்டும் அங்கங்கே அறுத்துவிடும். பலன் ரொம்ப நாள் கழித்துக் கட்டியாகவோ குறையுள்ள குஞ்சாகவோ வரலாம். அதனால் நாங்கள் இழையையே பார்க்கிறோம். அதற்கு மீனைக் கொல்லவும் வேண்டாம். எப்போதோ ஒரு மீனின் துடுப்பிலிருந்து எடுத்த செல்கள் எங்கள் குடுவைகளில் இன்னும் பெருகிக்கொண்டிருக்கின்றன. அந்த மீன் நான் வேலைக்குச் சேரும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. ரோஸ் நிறத் திரவம் ஊற்றி வளர்க்கிறேன். கூட்டம் அதிகமானால் திரவம் மஞ்சளாகும். உடனே பாதிப் பேரை வேறு குடுவைக்கு மாற்ற வேண்டும், தனிக்குடித்தனம் வைக்கிற மாதிரி. பக்கத்து அறைக்காரர் மனித செல் வளர்க்கிறார். அதற்கு உடம்புச் சூடு வேண்டும், அளந்து கலந்த காற்று வேண்டும், ஆயிரம் நொட்டை. என் மீன் செல்லுக்குக் குளிர்ந்த அலமாரி போதும்.

உங்கள் கல்லை ஊறவைத்த தண்ணீரை இந்தச் செல்களுக்குக் கொடுப்பேன். பிறகு ஒவ்வொரு செல்லையும் கண்ணாடித் துண்டில் ஜெல்லிக்குள் பதித்து, மேல்தோலை உப்புக் கரைசலில் கரைத்துவிட்டு, மின்சாரம் விடுவேன். இழை அறுபடவில்லை என்றால் நுண்ணோக்கியில் செல் உருண்டையாக நிற்கும். அறுந்திருந்தால் துண்டுகள் ஒரு பக்கமாக ஓடி, பின்னால் வால் நீளும், வால் நட்சத்திரம் மாதிரியே. எங்கள் பிழைப்பே வால் பார்ப்பதுதான் அண்ணி. பேர் வைத்தபோதே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

உங்கள் மூன்றோடு இன்னும் இரண்டு வைப்போம். ஒன்று வெறும் தண்ணீர், நிரபராதி. இன்னொன்று இழையை அறுக்கும் என்று ஏற்கெனவே தெரிந்த மருந்து, குற்றவாளி. நிரபராதிக்கு வால் வந்தாலும் சரி, குற்றவாளிக்கு வராமல் போனாலும் சரி, அந்தச் சோதனையைக் குப்பையில் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்போம். எது எந்தப் பை என்று எனக்கே தெரியாதபடி எங்கள் பிரிவுத் தலைவி எண் போட்டுத் தருவார். வேண்டுமென்று குறை கண்டேன் என்று நீங்களும் சொல்ல முடியாது, வேண்டுமென்று மறைத்தேன் என்று கடைக்காரரும் சொல்ல முடியாது.

இன்னமும் உங்கள்,
வாலு


ஜூன் 21

நாத்தனார் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்குப் பாதி புரிந்தது. மீதிப் பாதிக்கு உங்கள் அண்ணன் புரிந்த மாதிரி தலையாட்டினார்.

நிரபராதி, குற்றவாளி விஷயம் பிடித்திருந்தது. நானும் சாயம் ஏற்றும்போது ஒரு பிடி கல்லை வெறுமனே பக்கத்தில் வைத்துக்கொள்வேன். அது இல்லாமல் நிறம் ஏறியதா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியாது. கண் ஏமாற்றும். ஆக, உங்கள் படிப்பும் என் பட்டறையும் அவ்வளவு தூரத்தில் இல்லை.

ஆர்டரில் பாதிக்கு மேல் சிவப்பு. தொட்டிக்குச் சிவப்புக் கல் போட்டால் மீன் எடுப்பாகத் தெரிகிறதாம். அது வந்தால் பட்டறைக் கூரைக்கு ஓடு மாற்றுவேன், இன்னொரு டிரம் போடுவேன். வராவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டு நாள் முழுக்க உங்கள் அண்ணனோடு வீட்டில் உட்கார வேண்டும். நான் எதற்குப் பயப்படுகிறேன் என்று உங்களுக்கே விளங்கியிருக்கும்.

குடுவைக்குள் லட்சக்கணக்கில் பிள்ளை வளர்க்கிறீர்கள், ஒரு கடிதத்துக்குப் பதில் போட இவ்வளவு நாளா?

அண்ணி


ஜூலை 10

அண்ணி,

முத்திரை போட்ட அறிக்கை பின்னால் வரும். அதுவரை பொறுக்க முடியாமல் எழுதுகிறேன். இன்று காலை தலைவி எண்களைப் பிரித்துக் காட்டினார்.

நீலத்தில் வால் இல்லை. மஞ்சளில் வால் இல்லை. சிவப்பில் வால் இல்லை.

மூன்றிலும் துடுப்புச் செல்கள், வெறும் தண்ணீரில் இருந்தவை மாதிரியே, உருண்டு திரண்டு நிற்கின்றன. குற்றவாளிக்கு மட்டும் துடைப்பம் நீளத்துக்கு வால் வந்தது, அதனால் சோதனையும் சரி. மஞ்சள் விளக்கில் உட்கார்ந்து எண்ணி எண்ணி எனக்குக் கண் பொங்கிவிட்டது. அந்த வேலையை வெள்ளை விளக்கில் செய்யக்கூடாது, வெளிச்சமே இழையை அறுத்துவிடும். கண் எரிந்தாலும் சந்தோஷமாக இருக்கிறது.

இன்னும் ஒரு சின்ன வேலை பாக்கி. அதை முடித்துவிட்டு அறிக்கை அனுப்புகிறேன். இப்போதாவது 'நீ' என்று எழுதுங்கள்.

வாலு


ஜூலை 18

நாத்தனாருக்கு,

'அவர்களுக்கு' என்பதை எடுத்துவிட்டேன், கவனிக்கவும். இருந்தாலும் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

உங்கள் கடிதம் வந்த மறுநாளே கடைக்காரர் வந்தார். அறிக்கை வருவதற்குள் ஆறப்போடுவானேன் என்று நான் உங்கள் கடிதத்தையே எடுத்து நீட்டினேன். படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். நீலத்திலும் இல்லையா, மஞ்சளிலும் இல்லையா என்று கேட்டார். எதிலுமே இல்லை என்று நான் பெருமையாகச் சொன்னேன். கடிதத்தை மடித்துக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"வால் இல்லன்னா மீனு எப்படிம்மா நீந்தும்?"

உங்கள் அண்ணன் சல்லடையைப் போட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினார். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் தெருவரை கேட்டது. நான் செல், ஜெல்லி, மின்சாரம் என்று விளக்கப்போய், மீனுக்கு ஷாக் வேறு கொடுக்கிறீர்களா என்று அவர் இன்னும் அரண்டுவிட்டார். முத்திரை போட்ட தாளில், மனிதருக்குப் புரிகிற மாதிரி எழுதி வரட்டும், அதுவரை சிவப்பும் வேண்டாம் நீலமும் வேண்டாம் என்று கிளம்பிவிட்டார். மூட்டை கட்டி வாசலில் அடுக்கிய சிவப்புக் கல்லை மறுபடி உள்ளே தூக்கி வைத்தோம்.

முதல் தடவை உங்கள் வாயால் போன ஆர்டர் இரண்டாம் தடவை உங்கள் கையால் போயிற்று. கோபம்தான். ஆனால் அன்று சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்ததும் எனக்கும் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அதென்ன 'சின்ன வேலை பாக்கி'? அந்த வரி எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணி


ஜூலை 30

அன்புள்ள அண்ணி,

வால் இல்லாத மீன் கதையைப் படித்து எங்கள் அறையே சிரித்தது. தலைவிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் சிரித்தேன், ஆனால் முழுசாகச் சிரிக்க முடியவில்லை. அந்தச் சின்ன வேலை சின்னதாக முடியவில்லை.

துடுப்புச் செல் தனக்கு வந்ததை வந்தபடி வாங்கிக்கொள்ளும். ஈரல் அப்படி இல்லை. உள்ளே வருவதையெல்லாம் உடைத்து வேறொன்றாக மாற்றும். பெரும்பாலும் அது நல்லதற்குத்தான். சில சாயங்கள் மட்டும் முழுசாக இருக்கும்வரை சாதுவாக இருந்துவிட்டு, ஈரல் உடைத்துப் போட்ட பிறகு இழையை அறுக்க ஆரம்பிக்கும். எங்களிடம் மீன் ஈரலிலிருந்து வந்த செல்லும் இருக்கிறது. கடைக்காரர் கேட்டது துடுப்புச் செல் சோதனை மட்டும்தான். தலைவியும் "கேட்டதக் குடுத்தா போதுமே" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. அதே தண்ணீரை, மறுபடியும் எண் போட்டு வாங்கி, ஈரல் செல்லுக்கும் கொடுத்துப் பார்த்தேன்.

நீலத்தில் வால் இல்லை. மஞ்சளில் வால் இல்லை. சிவப்பில் இருக்கிறது.

நான்தான் எங்கோ கை தவறினேன் என்று நினைத்துப் புதிய குடுவையிலிருந்து மறுபடி செய்தேன். மறுபடியும் வால். ஊறவைத்த தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஒரு சொட்டு நிறமில்லை. நீங்களே எழுதினீர்கள், கண் ஏமாற்றும் என்று.

அறிக்கையில் இரண்டையும் எழுதியாக வேண்டும். முதலில் பாதி முடிவை எழுதி உங்களை மகிழ வைத்தது என் அவசரம். வேறு யாருடைய கல்லாகவாவது இருந்திருந்தால் கேட்டதை மட்டும் செய்துவிட்டு விட்டிருப்பேனோ என்னவோ. உங்கள் கல் என்பதால்தான் ஈரலிலும் பார்த்தேன்.

வாலு


ஆகஸ்ட் 5

மதிப்பிற்குரிய ஆய்வாளர் அவர்களுக்கு,

அறிக்கையும் தங்கள் கடிதமும் கிடைத்தன.

ஊரார் கல்லுக்கு ஒரு சோதனை, அண்ணி கல்லுக்கு இரண்டு. சொந்தம் என்று சலுகை வேண்டாம் என்றுதான் எழுதினேன், சொந்தம் என்று தண்டனை கொடுங்கள் என்று எழுதவில்லை. யாரும் கேட்காத ஈரலை நீங்களே தேடிப் போய்க் கேட்டிருக்கிறீர்கள். நல்லது.

அறிக்கையைக் கடைக்காரரிடம் கொடுப்பேன். மறைக்கிற பழக்கம் எனக்கில்லை. கொடுத்த பிறகு என்ன ஆகும் என்று தங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்


ஆகஸ்ட் 11

அண்ணி,

'மதிப்பிற்குரிய பட்டறை உரிமையாளர் அவர்களுக்கு' என்று நானும் பதிலுக்கு ஆரம்பிக்கலாம்தான். கை வரவில்லை.

நீங்கள் பட்டறை ஆரம்பித்த புதிதில் உங்கள் நகமெல்லாம் சிவப்பாக இருக்கும். நான் அதை நகப்பூச்சு என்று நினைத்து எனக்கும் போட்டுவிடச் சொல்லி ஒரு நாள் முழுக்க உங்கள் பின்னாலேயே அலைந்தேன். "இது அழகு இல்லடி, பொழப்பு" என்று சொல்லிக் கையை முந்தானையில் மறைத்துக்கொண்டீர்கள். பிறகு கடைக்குப் போய் எனக்கென்று ஒரு சிவப்புப் பூச்சு வாங்கி வந்தீர்கள். உங்களுக்கு ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை.

அன்றைக்குப் பட்டறையில் நான் கல்லைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நீங்கள் வெறும் கையோடு, முழங்கைவரை சிவப்பாக, டிரம்மிலிருந்து கல்லை அள்ளி அவரிடம் நீட்டினீர்கள். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு எதையாவது சொல்லியாக வேண்டும் போல் இருந்தது. வெளி ஆள் முன்னால் உங்கள் கையைப் பற்றிப் பேசத் தெரியாமல் தண்ணீரைப் பற்றிப் பேசிவிட்டேன். எனக்கு மீன் ஒரு சாக்கு அண்ணி.

மீன் ஈரல் சொன்னதை மனுஷ ஈரலுக்கு அப்படியே ஏற்றிச் சொல்லக்கூடாது. அறிக்கையில் அப்படி ஒரு வரியும் நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். ஆனால் இது அறிக்கை இல்லை. சிவப்புக்கு அந்த வால் வந்ததைப் பார்த்த அன்று எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போயிற்று. எத்தனை வருஷமாக அதில் கையை விட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?

பட்டறையைப் பூட்ட வேண்டாம். நீலமும் மஞ்சளும் இருக்கின்றன. சிவப்பை மட்டும் விட்டுவிடுங்கள். ஒரு பெட்டி கையுறை அனுப்பியிருக்கிறேன். திருப்பி அனுப்பினால் நான் மறுபடி அனுப்புவேன், தபால்காரர்தான் பாவம்.

வாலு


செப்டம்பர் 20

அடி வாலு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். இத்தனை வயதுக்குப் பிறகு அழுதேன் என்று எழுத எனக்கு என்ன வெட்கம்? உன் அண்ணன் பதறிப்போய் என்னவென்று கேட்டார். கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "ரெண்டு பேரும்" என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

கையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் கையைப் பற்றிச் சொல்ல வேண்டியதுதானே. சுற்றி வளைத்துத் தண்ணீருக்குப் போய், மீனுக்குப் போய், ஈரலுக்குப் போய், என் ஆர்டரைக் கவிழ்த்து, பிறகு கைக்கு வருகிறாய். நேராகச் சொல்லியிருந்தால் அங்கேயே நாலு திட்டுத் திட்டிவிட்டு மறுநாள் கையுறை போட்டிருப்பேன். ஊரார் கல்லுக்கு ஒன்று, அண்ணி கல்லுக்கு இரண்டு என்று கோபத்தில் எழுதினேன். அதே வரியை இப்போது சொல்லிப் பார்த்தால் இனிக்கிறது.

அறிக்கையைக் கடைக்காரரிடம் கொடுத்தேன். வாலுக்கு அர்த்தம் இந்தத் தடவை புரிந்தது அவருக்கு. சிவப்பின் மேல் ஒரு கோடு இழுத்தார். நீலத்துக்கும் மஞ்சளுக்கும் கையெழுத்துப் போட்டார். போகும்போது, கேட்காத சோதனையும் செய்து கெட்டதையும் கொண்டுவந்து காட்டுகிற இடத்தில்தான் இனி வாங்குவேன் என்று உன் அண்ணனிடம் சொன்னாராம். எனக்கு நேராகச் சொல்ல அவருக்குப் பயம். யோசித்துப் பார், அன்றைக்கே உன் கடிதம் அவருக்குப் புரிந்திருந்தால் வாசலில் அடுக்கியிருந்த சிவப்பெல்லாம் கடை கடையாகப் போயிருக்கும். அதைத் திரும்ப எடுக்க நான் தொட்டி தொட்டியாகக் கைவிட்டு அள்ளிக்கொண்டு நிற்பேன். மீன் எப்படி நீந்தும் என்று கேட்டாரே, அந்த வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

சிவப்புச் சாயத்தை வாங்கின இடத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். உன் அறிக்கையின் நகலையும் மேலே வைத்துக் கட்டினேன், என் முடிச்சு போட்டு.

இப்போது முக்கியமான விஷயம். நான் மாற்ற வேண்டும் என்றிருந்த பட்டறைக் கூரையிலிருந்து மழையில் ஓர் ஓடு விழுந்து உடைந்தது. வாளித் தண்ணீரில் ஒரு துண்டு கிடந்தது. எடுத்துப் போடப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். என்ன சிவப்பு தெரியுமா. சாயம் இல்லை, பூச்சு இல்லை, நெருப்பு கொடுத்த நிறம். சூளைக்காரரிடம் உடைந்த ஓடு மலையாகக் குவிந்து கிடக்கிறது, அள்ளிக்கொண்டு போனால் சரி என்றார். துண்டு துண்டாக்கி, மணலோடு டிரம்மில் போட்டு உருட்டினால் முனையெல்லாம் மழுங்கி, வழவழவென்று வருகிறது. முதல் தடவை பாதி சேறாகிவிட்டது. வேகாத ஓடு தண்ணீரில் கரையும் என்று அப்புறம்தான் தெரிந்தது. நன்றாக வெந்தது தட்டினால் கணீரென்று கேட்கும், வேகாதது மொத்தென்று கேட்கும். அந்தத் தட்டுகிற வேலையை உன் அண்ணனுக்குக் கொடுத்திருக்கிறேன். காலையிலிருந்து உட்கார்ந்து தட்டித் தட்டி, "இது சரியில்ல, இதுவும் சரியில்ல" என்று தூக்கி எறிகிறார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷர் ஒன்றைச் சரியில்லை என்று சொல்லி இப்போதுதான் கேட்கிறேன்.

இதோடு ஒரு பை ஓட்டுக்கல் வருகிறது. துடுப்பிலும் பார், ஈரலிலும் பார், இன்னும் ஏதாவது உறுப்பு வைத்திருந்தால் அதிலும் பார். கடைக்காரர் சிவப்பு இருந்த வரியில் இடம் விட்டு வைத்திருக்கிறார்.

கையுறை சரியான அளவு. நகம் அடியிலிருந்து வெள்ளையாக வளர்ந்து வருகிறது, பாதிக்கு வந்துவிட்டது. சிவப்பு முழுக்கப் போன பிறகு ஒரு பூச்சு வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா என்று இருக்கிறேன். நீ வாங்கி வா.

நீலம், மஞ்சள், ஓட்டுச் சிவப்பு, எல்லாவற்றுக்கும் வால் இல்லை என்றுதான் எழுதிக் கொடுக்க வேண்டும். நிஜமாகவே இல்லாவிட்டால்தான் எழுத வேண்டும், அது உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த வீட்டுக்கு ஒரு வால் போதும். அது ரொம்ப நாளாக வீட்டுப் பக்கமே வரவில்லை. விடுமுறை கிடைத்ததும் அனுப்பி வை.

அண்ணி